84 பேர் சேர்ந்த வகுப்பில் 51 பேர் தேறினால் அது 89 சதவீதமா?

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வகுப்பாசிரியர். இந்த ஆண்டு இடைநிற்றல் பொறுப்பையும் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்துவிட்டார். பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் 84 பேர் இருந்த ஒரு செட், நான்கு வருடம் கழித்து பிளஸ் டூ தேர்வெழுதும்போது 57 பேராகச் சுருங்கியிருக்கிறது. தேறியவர்கள் 51. பள்ளிக்கு 89 சதவீதத் தேர்ச்சி என்று பாராட்டு கிடைத்தது. காணாமல் போன 27 பேரில் 11 பேர் பத்தாம் வகுப்பில் தோற்றுப் போனதோடு நின்றவர்கள். 7 பேர் மே விடுமுறைக்குப் பிறகு வரவேயில்லை. 5 பேர் டிசி வாங்கியிருக்கிறார்கள், அதில் 2 பேர் வேறு பள்ளியில் சேர்ந்தது உறுதி. மற்ற 4 பேரைப் பற்றித் தகவலே இல்லை. பையன்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். இப்போதும் பத்தாம் வகுப்பில் மூன்று பையன்கள் ஆகஸ்ட் மாதத்திலிருந்து வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது? திட்டங்களைச் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்களா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெரும்பாலான பள்ளிகள் போடாத கணக்கை நீங்கள் போட்டுவிட்டீர்கள். தேர்வெழுதியவர்களை வைத்து வகுத்தால் 89 சதவீதம். சேர்ந்தவர்களை வைத்து வகுத்தால் வேறு எண். உறுதியாக வேறு பள்ளிக்குப் போன இருவரை மட்டும் கழித்து 82-ஆல் வகுங்கள். 62 சதவீதம் வரும். அதுதான் உங்கள் பள்ளி குறித்த காலத்தில் கரை சேர்த்த பிள்ளைகளின் விகிதம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்ததால், 2008-இல் ஒன்றிய அரசு இதற்கு விதியே போட்டது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களே அடிப்படை. மாற்றலாகிப் போனார் என்று பெயரை நீக்க எழுத்துமூலச் சான்று வேண்டும். சான்றில்லாவிட்டால் அவர் கணக்கில் நிற்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டிசி வாங்கிய மற்ற மூவர், தகவல் இல்லாத நால்வர் எல்லாரும் உங்கள் கணக்கில்தான். ஐடிஐயில் சேர்ந்து முடித்தவரை மட்டும் தனிக் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் இடைநின்றவர் அல்ல.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பிலிருந்தே. பத்தாம் வகுப்பில் நிற்கும் பையன் ஒன்பதாம் வகுப்பின் முதல் மூன்று மாதங்களிலேயே அதைச் சொல்லிவிடுகிறான், வருகைப் பதிவேட்டில். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு அந்நகரத்துப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. ஒன்பதாம் வகுப்பில் பாடங்களைக் கோட்டைவிடாமல் தடத்தில் நின்றவர்கள், தவறியவர்களைப் போல மூன்றரை மடங்கு அதிகமாக நான்கு ஆண்டில் பள்ளியை முடித்தார்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைவிட ஒன்பதாம் வகுப்பு வருகைதான் அதை நன்றாக முன்கூட்டிச் சொன்னது. நம் ஊர் முறை வேறு, தேர்வு வேறு. ஆனால் பதிவேடு பேசும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

வேலை நாட்கள் ஆண்டுக்குச் சுமார் 210 என்று வையுங்கள். அதில் பத்து சதவீதம் வராமல் போனால் 21 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டு நாள். இரண்டு நாள் லீவு யார் கண்ணையும் உறுத்தாது என்பதுதான் ஆபத்து. அதனால் தனியாக ஒரு நோட்டு போடுங்கள். செயலியில் போடும் வருகை அறிக்கைக்கானது, இது உங்களுக்கானது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்திலும் வராத நாட்கள், எந்தக் கிழமை என்பதோடு. பிறகு, அண்ணன் அக்கா யாராவது படிப்பை நிறுத்தியவர்களா, வீட்டில் யார் எந்தக் கம்பெனியில், போன் நம்பர் நிஜமாகவே அடிக்கிறதா. கிழமை முக்கியம். திங்கட்கிழமை தவறாமல் வராதவன் ஞாயிறு வேலைக்குப் போகிறான் அல்லது இரவு ஷிப்டு பார்க்கிறான் என்று சந்தேகப்படலாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் பழகிய கை புத்தகப் பைக்குத் திரும்ப யோசிக்கும்.

மாதத்தில் இரண்டாவது நாள் வராதபோதே போன். தொடர்ந்து மூன்று நாள் என்றால் வீட்டுக்கு நேரில். மாதத்தில் ஐந்து நாள் தாண்டினால் தலைமையாசிரியரோடும் பெற்றோரோடும் உட்கார வேண்டும். இதில் முதல் போன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "ஏன் வரல? இப்படியே போனா பேரை எடுத்துருவோம்" என்று தொடங்கினால் அடுத்த முறை அந்த நம்பர் எடுக்காது. "ஏனுங்க்கா, தம்பி ரெண்டு நாளா வரலீங்களே, உடம்புக்கு ஏதாச்சுங்களா? நாளைக்கு அறிவியல்ல புதுப் பாடம் ஆரம்பிக்கறோம், அனுப்பி வைங்க" என்றால் போதும். மிரட்டல் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். பிள்ளை வராதது பள்ளிக்குத் தெரிகிறது என்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அம்மா கம்பெனியில் இருக்கும் நேரத்தில் அடித்தால் எடுக்க முடியாது. மதியச் சாப்பாட்டு நேரமோ மாலை டீ நேரமோ பார்த்து அடியுங்கள்.

நம்பர் தவறாக இருப்பது சாதாரணம். சேர்க்கையின்போது கொடுத்த நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். ஜூன் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு நம்பரையும் ஒருமுறை அடித்துப் பார்த்து, பக்கத்து வீட்டு அல்லது உறவினர் நம்பர் ஒன்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள். தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்கு வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்கள் வீடு மாற்றினால் தடமே கிடைக்காது. அவர்களுக்கு இந்த இரண்டாவது நம்பர்தான் கயிறு.

பள்ளியே உண்டாக்கும் ஆப்சென்டும் இருக்கிறது. தாமதமாக வந்தவனை கேட்டுக்கு வெளியே நிறுத்துவது, முடி வெட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவது. முடிவெட்டப் போனவன் அன்று திரும்பி வருவதில்லை. ஊசலாடிக்கொண்டிருக்கும் பையனுக்கு நாமே விடுப்புச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி. ஒழுங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டனை எதுவானாலும் அது வகுப்பறைக்கு உள்ளே இருக்கட்டும்.

ஆகஸ்ட் கடைசிக்குள் நோட்டிலிருந்து ஒரு பட்டியல் எடுங்கள். 15 பேருக்கு மேல் வேண்டாம். 40 பேரைக் கண்காணிக்கிறேன் என்று கிளம்பினால் யாரையும் கண்காணிக்க மாட்டீர்கள். ஓர் ஆசிரியருக்கு ஐந்து பேர். திங்கள்தோறும் ஆளுக்கு ஐந்து நிமிடம். போன வாரம் எத்தனை நாள் வந்தாய், எந்தப் பாடம் புரியவில்லை, வீட்டில் என்ன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990 வாக்கில் உருவான ஒரு முறையில் ஒரே வழிகாட்டி ஒரே மாணவரோடு குறைந்தது இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அதுதான் சரி. ஒன்பதாம் வகுப்பில் பார்த்த ஆசிரியரே பத்து முடியும்வரை அந்த ஐந்து பேருக்குப் பொறுப்பாக இருக்கட்டும், வகுப்பெடுக்காவிட்டாலும். பட்டியலைப் பிரேயரில் வாசிப்பதோ, "மெல்லக் கற்போர்" என்று தனி வரிசையில் உட்கார வைப்பதோ கூடாது. பதினைந்து வயதுப் பையன் பசியைப் பொறுப்பான், கூச்சத்தைப் பொறுக்க மாட்டான்.

பட்டியலில் இருப்பவர்கள் ஏன் வருவதில்லை என்று தேடிப்போனால், பணத்துக்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். வகுப்பில் நடப்பது எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி, ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கக் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இதில் தடுமாறுபவர்கள் இருப்பார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை 'திறன்' இயக்கம் 2025-இல் வந்ததே இதற்காகத்தான். அதைச் செய்கிறவர்கள் சறுக்குவது நேரத்தில். மாலை நாலரைக்கு மேல் வைத்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனும், தங்கையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளும் இருக்க மாட்டார்கள்; அவர்களுக்காகத்தான் வகுப்பே. காலை முதல் பாடவேளையில், பிரிவுகளைக் கலந்து, வகுப்பு வாரியாக அல்லாமல் நிலை வாரியாகப் பிரித்து 40 நிமிடம் வையுங்கள்.

பத்தாம் வகுப்புக்கு வருவோம். உங்கள் 27 பேரில் 11 பேர் நின்ற இடம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முடிவு மே மாதம் வருகிறது. துணைத்தேர்வு ஜூன் கடைசி, ஜூலை வாக்கில். அதில் தேறினால் அதே ஆண்டு பிளஸ் ஒன் சேரலாம். ஒரு வருடம்கூட வீணாகாது. இது ஆசிரியர்களுக்குத் தெரியும், வீட்டுக்குச் சரியாகத் தெரியாது. 'பெயில்' என்ற சொல்லோடு அந்த வீட்டில் பள்ளிக்கூடப் பேச்சு முடிந்துவிடும். அந்த வாரமே மாமா பனியன் கம்பெனியில் கைமடிக்கோ பிசிறு வெட்டவோ கூட்டிப் போய்விடுவார். ஆகவே முடிவு வந்த இரண்டு நாளுக்குள் துணைத்தேர்வுக்கான விவரங்களோடு வீட்டுப் படியேறுங்கள். விண்ணப்பிக்க ஒதுக்கும் நாட்கள் மிகக் குறைவு, தவறவிட்டால் கூடுதல் கட்டணம், அதையும் தவறவிட்டால் ஒரு வருடம். கட்டணம் பெரிய தொகை இல்லை. ஆனால் 'தோத்தவனுக்கு எதுக்குக் காசு' என்ற மனநிலையில் அந்தச் சின்னத் தொகையே தடையாகும். பள்ளி மேலாண்மைக் குழுவிலோ முன்னாள் மாணவர்களிடமோ முன்கூட்டியே வாங்கி வைத்து, பள்ளியே கட்டிவிடுவது மேல்.

பிறகு மூன்று வாரம், தோற்ற பாடத்தை மட்டும். கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். வகுத்தல் தடுமாறும் பையனும் காம்பஸைப் பிடித்து முக்கோணமும் தொடுகோடும் வரையக் கற்றுக்கொள்வான், கை வேலைக்காரன் அவன். 16 மதிப்பெண் அங்கே இருக்கிறது. புத்தகத்தின் பயிற்சியில் உள்ள சரியான விடை வினாக்களை முழுக்கப் பார்த்தால் 14-இல் 8, 9 எடுக்கலாம். உறவுகளும் சார்புகளும் பாடத்தில் கார்ட்டீசியன் பெருக்கல், அணிகள், நிகழ்தகவில் எளிய கணக்குகள் என்று இரண்டு மதிப்பெண்ணிலும் ஐந்திலும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு. தேர்ச்சிக்கான 35-ஐ எட்டிவிடலாம். அறிவியலில் சிக்கல் வேறு. எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20-உம் செய்முறையில் 15-உம் தனித்தனியாக வேண்டும். பிப்ரவரியில் செய்முறைக்கு வராதவன் மார்ச்சில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பாடம் தேறாது. செய்முறை நாளன்று காலை எட்டு மணிக்கே உங்கள் பட்டியலில் உள்ளவர்களுக்குப் போன் போக வேண்டும். பிளஸ் டூவிலும் இதே கதைதான். செய்முறையுள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. வந்துகொண்டிருப்பவனுக்கு அந்த 30-இல் பெரும்பகுதி கையில். வராதவன் அதை இழந்துவிடுவான்.

ஒரு எச்சரிக்கை. இந்த 'மினிமம் மெட்டீரியல்' வித்தை பத்தாம் வகுப்பு மார்ச்சுக்கும் துணைத்தேர்வுக்கும் மட்டும். ஒன்பதிலிருந்தே இதைப் பிடித்தால் பத்தில் தேறி, பிளஸ் ஒன் இயற்பியலில் முதல் மாதமே மூழ்குவான்.

தேறியவர்களையும் அப்படியே விட்டுவிட முடியாது. ஜூனில் திரும்பி வராத உங்கள் 7 பேர், தேர்வு முடிந்ததிலிருந்து ஜூன் வரை வேலை பார்த்துப் பழகியவர்களாக இருக்கக்கூடும். மே மாதத்தில் ஒருமுறை கூப்பிட்டு, ஆளுக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து, எந்தக் குரூப், அது கிடைக்காவிட்டால் எது என்று இரண்டு வழிகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நாமே ஒரு குரூப்பில் தள்ளினால், ஆகஸ்டில் அந்தப் பையனைத் தேடுவோம். சேர்ந்த முதல் மாதம் குரூப் மாற்றக் கேட்டால் தயங்காமல் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். படிப்பே வேண்டாம் என்பவனுக்கு ஐடிஐ: வெல்டர் போன்ற சில தொழிற்பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும், பத்து தேறினால் பிட்டர், எலக்ட்ரீசியன் எல்லாம் திறக்கும். பத்து முடித்தால் பாலிடெக்னிக் முதலாண்டு. ஐடிஐயோ பிளஸ் டூவோ முடித்தால் நேரடி இரண்டாமாண்டு. இதைக் கௌரவக் குறைவாகப் பேசாதீர்கள். கம்பெனியில் மாமா தரும் வேலையைவிட மெக்கானிக் சான்றிதழ் மேல் என்று அந்த மாமாவே ஒப்புக்கொள்வார்.

பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு கவனிக்காமல் விடுகிற ஒன்று மதியச் சாப்பாடு. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அம்மா விடிகாலையில் கம்பெனிக்குப் போய்விடும் வீட்டில் டிபன் பாக்ஸ் கட்ட ஆளில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவன் மதியம் கிளம்பிவிடுவான். யார் யார் சாப்பாடு கொண்டுவருவதில்லை என்று ஒரு வாரம் பாருங்கள், உங்கள் நோட்டில் அதே பெயர்கள் இருக்கும். 2017-18-இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டது. நல்லதுதான், ஆனால் அந்த ஆண்டை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்ற மெத்தனம் வரும். நீண்டநாள் வராதவர்கள் பெயரளவில் பதிவேட்டில் இருந்துகொண்டே பிளஸ் டூ போய்விடுவார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவில்லை என்று மாநிலமே அதிர்ந்ததே, அவர்களில் பலர் அன்றைக்கு நின்றவர்கள் இல்லை. பள்ளிக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டு, தேர்வெழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் மட்டும் இருந்தவர்கள்.

டிசி விஷயத்தில் பள்ளி தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டும். நூறு சதவீதத் தேர்ச்சி ஆசையில், அரையாண்டில் 20 மதிப்பெண் வாங்கியவனின் அப்பாவைக் கூப்பிட்டு 'வேற ஸ்கூல்ல பாத்துக்கங்க' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. தேர்ச்சி விகிதம் ஏறும், பையன் தெருவுக்குப் போவான். அடுத்த பள்ளி எது என்று தெரியாமல் டிசி எழுதாதீர்கள். கொடுத்த பிறகு எமிஸில், அதாவது கல்வித்துறையின் மாணவர் தகவல் இணையப் பதிவில், அந்தப் பெயர் பொதுத் தொகுப்பில் கிடக்கும். முப்பது நாள் கழித்துப் பாருங்கள். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே கிடந்தால் அவன் எங்கும் சேரவில்லை. வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநரிடம் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெண் பிள்ளைகள் நிற்கும் காரணம் பெரும்பாலும் வேறு. தம்பி தங்கையைப் பார்க்க, பாட்டி படுத்துவிட்டதால், மில் வேலைக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் வந்து பேசியதால், மாப்பிள்ளை அமைந்ததால். கல்யாணப் பேச்சு என்று தோழிகள் வழியாகக் காதில் விழுந்தால் அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள். பத்திரிகை அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். கூப்பிட்டவர் பெயர் வெளியே வராது.

திட்டங்களைச் சொன்னால் வருவார்களா என்ற கேள்விக்கு என் பதில்: சிலர். பத்து, பிளஸ் ஒன்னுக்குத் தலா 1,500, பிளஸ் டூவுக்கு 2,000 என்று 5,000 ரூபாய் ஊக்கத்தொகை படிப்பை முடித்தால்தான் கைக்கு வரும். பனியன் கம்பெனியில் சில வாரச் சம்பளம் அதை விழுங்கிவிடும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் மாதம் 1,000 ரூபாய் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐயில் சேர்ந்த பிறகு. பெற்றோரிடம் சொல்லப் பயன்படும், பையனை மறுநாள் எழுப்பிக் கொண்டுவராது. பிளஸ் ஒன்னில் கிடைக்கும் சைக்கிளும் பஸ் பாஸும் அதைவிட வேலை செய்யும், அன்றன்றைக்கு உதவுவதால். சைக்கிள் வரத் தாமதமாகும் மாதங்களில் தூரத்துப் பிள்ளைகளை உள்ளூர்க்காரர் யாருடைய வண்டியிலாவது சேர்த்துவிட முடியுமா என்று பாருங்கள்.

கடைசியாக அந்த மூன்று பையன்கள். பெயரை நீக்க விடாதீர்கள். நாமினல் ரோலில் மூவரும் இருக்கட்டும். தீபாவளிக்கு முன்பு கம்பெனியில் வேலை நெருக்கும், போனஸ் கைக்கு வரும்வரை எந்த அம்மாவும் அனுப்பப் போவதில்லை. ஆனால் இப்போதே ஒருமுறை போய், திட்டாமல் பேசிவிட்டு வாருங்கள். பேசும்போது முதலாளியின் காதுக்கும் எட்டட்டும்: 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் கூடாது, மற்ற வேலையிலும் இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது. தீபாவளி முடிந்து கம்பெனி திறக்கும் முன் உள்ள சில நாட்கள்தான் உங்களுக்கான வாசல். அந்த நாட்களில் மூவரையும் ஒன்றாகவே கூப்பிடுங்கள், தனியாக ஒருவன் வர மாட்டான். வந்த முதல் நாள் தவறவிட்ட பாடக் குறிப்புகளின் ஜெராக்ஸ், பக்கத்தில் உட்காரத் தோழன் ஒருவன், முதல் வாரத்துக்கு எந்தத் தேர்வும் இல்லை. அரையாண்டில் மூன்று பாடமாவது எழுத வையுங்கள். பிப்ரவரி செய்முறைக்கு மூவரும் வந்துவிட்டால், மீதியை மார்ச்சிலோ துணைத்தேர்விலோ பார்த்துக்கொள்ளலாம்.